பெக்கருட்டின் வடக்குச் சுவர்

நாலாவது வாளித் தண்ணீரும் கறுத்துவிட்டது. சுஜானி அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, சரிவில் புல் இல்லாத இடமாகப் பார்த்து ஊற்றினாள். தார் கரைந்ததுபோல ஒரு சாறு மண்ணில் வழிந்து இறங்கியது. கையுறை போட்டிருந்தும் நகக்கண்ணுக்குள் கறுப்பு. தச்சர்கள் விட்டுப்போன தகர அறையில் ஒரு கொதிகலன் இருந்தது. அதில் மறுபடியும் சுடுதண்ணீர் பிடித்து, பைன் மணக்கும் பச்சைச் சவர்க்காரத்தை இரண்டு மூடி விட்டுக் கலக்கி, வீட்டுக்குள் திரும்பிப் போனாள்.

வீடு என்று பெயர்தான். உள்ளே ஒரே அறை. முழு மரங்களைப் படுக்கவைத்து அடுக்கிய சுவர்கள், மூலையில் கல்லால் கட்டிய ஆள் உயர அடுப்பு. புகைபோக்கி கிடையாது, கூரையில் ஒரு சதுர ஓட்டை மட்டும். அடுப்புப் புகை அறை முழுக்கச் சுற்றி, மனம் வந்தால் அந்த ஓட்டையால் வெளியேறும். அதனால் நெஞ்சு உயரத்துக்குக் கீழே மரம் மரமாக இருந்தது. அதற்கு மேலே நாலு சுவரும் அடிப்பிடித்த சட்டிபோலக் கன்னங்கரேலென்று மினுங்கின. பள்ளிக்கூடம், அலுவலகம், பல் வைத்தியரின் அறை என்று துடைத்துப் பழகிய சுஜானிக்கு இதைக் கண்டதும் முதலில் எரிச்சல்தான் வந்தது. விருந்தாளிகளைக் கூப்பிடுகிற வீட்டை இப்படியா வைத்திருப்பார்கள்!

ஆனாலும் அவள் கேட்காமல் கை வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை வந்ததும் வராததுமாக மேற்பார்வையாளன் டெனிசைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். டெனிஸ் ஒஸ்லோவில் வளர்ந்த மன்னார்ப் பிள்ளை, முப்பத்தொரு வயது. அவளுக்கு இந்தத் துப்புரவு நிறுவனத்தில் வேலை எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான்.

"தம்பி, உள்ளுக்கை சுவர் எல்லாம் கரி பிடிச்சுக் கிடக்கு. அதையும் கழுவுறதோ?"

அவன் வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தான். பின்னால் யாரோ ஹோர்ன் அடிப்பது கேட்டது. "ஓமக்கா, எல்லாத்தையும் கழுவுங்கோ. வெள்ளிக்கிழமை நகரசபை ஆக்கள் பாக்க வருகினம். பளிச்செண்டு இருக்கோணும்."

"இது சும்மா தூசி இல்லைத் தம்பி. அடுப்புக் கரி. உரஞ்சித் தேய்ச்சால்தான் போகும்."

"தேய்யுங்கோ. உங்களை அங்கை போட்டதே அதுக்குத்தானே அக்கா. உங்களைப்போல ஆர் செய்வினம்?"

அந்தக் கடைசி வசனம் அவளுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. பாவம், புகழ்ச்சிக்கு ஏங்கிப்போயிருந்தாள். வடக்குச் சுவரில் தொடங்கினாள்.

நிறுவனத்தில் அவள் சேர்ந்து ஐந்து மாதமாகிறது. ஆறாம் மாதம் முடியும்வரை தகுதிகாண் காலம். அதைத் தாண்டினால்தான் வேலை நிரந்தரம் என்று கடிதம் கொடுப்பார்கள். கிளிநொச்சியில் சித்தி வீட்டில் வளர்கிற மகள் சாருகாவை இங்கே எடுப்பதற்கு அந்தக் கடிதம் வேண்டும். சாருகாவுக்குச் செப்டெம்பர் பதினாலாம் தேதி பதினெட்டு வயதாகிறது. விண்ணப்பம் அதற்கு முதல் போய்ச் சேர வேண்டும். பதினெட்டு முடிந்தால் சட்டத்தின் கண்ணுக்கு அவள் பிள்ளை இல்லை, வளர்ந்த ஆள். தாயிடம் வருவதற்கு வழி அடைபட்டுவிடும்.

சாருகாவின் தகப்பன் போரின் கடைசி மாதங்களில் தண்ணீர் எடுக்கப் போனவன், வரவில்லை. பத்து வருடம் காத்திருந்த பிறகுதான் சுஜானி ஒஸ்லோவில் இருந்த மகேந்திரராசாவை இரண்டாந்தாரமாக முடித்தாள். ஒரு வருடத்தில் உன்னையும் எடுப்பேன் என்று மகளுக்குச் சொல்லித்தான் விமானம் ஏறினாள். ஆறு வருடம் ஓடிவிட்டது. முதலில் மொழி வகுப்பு, பிறகு கொரோனா, பிறகு இங்கே மூன்று மாதம் அங்கே இரண்டு மாதம் என்று சுகவீன விடுப்பில் போனவர்களின் இடத்தை நிரப்புகிற வேலைகள். ஒவ்வொரு முறையும் கடிதம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நழுவிப் போகும். இந்த முறை நழுவ விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் தேய்த்தாள்.

மத்தியானம் வெளியே மர வாங்கில் உட்கார்ந்து புட்டைச் சாப்பிட்டாள். குரோருட்டில் ரயிலை விட்டு இறங்கி நாற்பது நிமிடம் காட்டுப் பாதையில் ஏறினால்தான் இந்த இடம் வரும். பெயர் பெக்கருட். வீட்டோடு சேர்த்து நாலு கட்டிடங்கள். நகரசபை பழுதுபார்த்து முடித்து, ஜூன் மாதம் பொதுமக்களுக்குத் திறக்கப்போகிறது. பாதை ஓரத்தில் அறிவிப்புப் பலகை ஒன்று நட்டு, பிளாஸ்டிக்கால் மூடிக் கட்டியிருந்தார்கள். சுஜானி சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, பிளாஸ்டிக்கை ஓரமாக விலக்கி வாசித்தாள். நோர்வேஜிய மொழிப் பரீட்சையில் அவளுக்கு வாசிப்பில்தான் ஆகக் கூடிய புள்ளி. இரண்டு சொற்களைத் தவிர எல்லாம் விளங்கின. அந்த இரண்டையும் கைபேசியில் தேடினாள். ஒன்று ரை என்கிற தானியம். மற்றது அதை உலர்த்துகிற கொட்டில்.

முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முதல் பெக்கா என்ற ஒருவன் கிழக்கே ஃபின்லாந்துப் பக்கமிருந்து, மனைவியோடு காடு காடாக நடந்து வந்தானாம். கையில் ஒரு கோடரி, ஒரு பை விதை. மரத்தை வெட்டிச் சாய்த்து, காயவிட்டு, எரித்து, சூடு ஆறாத சாம்பலில் ரை விதைத்தான். முதலில் கட்டியது வீடு அல்ல, நீராவிக் குளியல் கொட்டில். இரண்டு குளிர்காலம் குடும்பமே அதற்குள்தான் கிடந்தது. பிள்ளைகள் பிறந்ததும் அதற்குள்தான், செத்தவர்களைக் கழுவியதும் அதற்குள்தான். பிறகுதான் இந்தப் புகை வீடு. அதற்குப் பிறகு தானியம் உலர்த்தும் கொட்டில், கடைசியாக மாட்டுத் தொழுவம். காடு வெட்டித் திருத்திய நிலத்துக்குத்தான் 'ருட்' என்று பெயர் என்றும் பலகை சொன்னது. குரோருட், மோர்டென்ஸ்ருட் என்று ரயில் நிலையப் பெயர்களின் வாலில் தினமும் கேட்கிற சொல். ஆறு வருடமாகக் கேட்டும் அதற்கு ஒரு கருத்து இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

நிலம் அந்தக் குடும்பத்தின் பெயரில் எழுதப்பட்டது பெக்காவின் பேரன் காலத்தில்தான். பெக்காவின் மனைவிக்குப் பலகையில் பெயரே இல்லை. நடந்து வந்தவள் அவளும்தானே என்று சுஜானிக்குக் கோபம் வந்தது.

கடைசிப் பந்தியை அவள் இரண்டு தரம் வாசித்தாள். குடும்பத்தின் கடைசி ஆள் மார்த்தா. தனிக்கட்டை. 1954 குளிர்காலத்தில் இந்த வீட்டுக்குள்ளேயே இறந்து, மூன்று கிழமைக்குப் பிறகு பனிச்சறுக்கி வந்த யாரோ கண்டுபிடித்தார்களாம். அதோடு கதவை அடைத்தவர்கள் எழுபது வருடமாகத் திறக்கவே இல்லை.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு துளி மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் சனத்தைக் கூப்பிடுவார்களா என்ன?

புதன்கிழமை வடக்குச் சுவரை முடித்து, கிழக்குச் சுவரில் பாதி வந்தாள். கரியை உரித்த இடத்தில் மரம் தேன் நிறத்தில் வெளிவந்தது. வியாழன் காலை, ரொம்மனில் இருந்த தன் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது, ஒரு கரண்டி மஞ்சள்தூளை அலுமினியத் தாளில் மடித்துக் கொண்டுவந்தாள். மாவிலைக்கு எங்கே போவது? பாதையில் துளிர்த்து நின்ற பேர்ச் மரத்தில் ஒரு கொத்து ஒடித்தாள். மஞ்சளைக் கரைத்து வாசலில் தெளித்தாள், நாலு மூலையிலும் தெளித்தாள். "மார்த்தா அம்மா, குறை நினைக்காதையுங்கோ. நாளைக்கு ஆக்கள் வருகினம்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். மனம் லேசாகிவிட்டது. தச்சர்கள் புதிதாகப் போட்ட தரைப்பலகை எண்ணெய் காணாத பச்சை மரம் என்பதையும், அது மஞ்சளை அப்படியே குடிக்கும் என்பதையும் அவள் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வருவதாக இருந்த நகரசபைக்காரி வியாழன் இரண்டு மணிக்கே வந்துவிட்டாள். ரன்ஹில்ட் என்று பெயர், பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கிற பகுதியின் அதிகாரி. அறுபது வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ், கழுத்தில் ஒரு சிறிய கைவிளக்கு. குனிந்து உள்ளே வந்தவள் நிமிர்ந்தாள். நிமிர்ந்தபடியே நின்றாள்.

"இதை யார் செய்தது?" நோர்வேஜிய மொழியில்தான் கேட்டாள்.

"நான்தான்." சுஜானியும் அதே மொழியில், முகம் நிறையச் சிரிப்போடு சொன்னாள். "நிறைய அழுக்கு இருந்தது. மூன்று நாளாகத் தேய்த்தேன்."

ரன்ஹில்ட் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு சுவரோரத்து வாங்கில் மெதுவாக உட்கார்ந்தாள். சத்தம் போட்டிருந்தால்கூடச் சுஜானிக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அந்த மனுஷிக்குக் கண் கலங்கியிருந்தது.

"அது அழுக்கு இல்லை," என்றாள். "ஏழு தலைமுறையின் புகை. எந்த வருடம் என்ன விறகு எரித்தார்கள், பஞ்சத்தில் எதைச் சமைத்தார்கள், எல்லாம் அந்தக் கரியில் படை படையாக இருந்தது. இலையுதிர் காலத்தில் ஆய்வுகூடத்திலிருந்து ஆட்கள் வர இருந்தார்கள். இந்தக் குடும்பம் கடிதம் எழுதவில்லை, நாட்குறிப்பு வைக்கவில்லை. விட்டுப்போனது இது ஒன்றைத்தான்."

சுஜானிக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. என்னிடம் கழுவச் சொன்னார்கள், நான் கேட்டுவிட்டுத்தான் கழுவினேன் என்று சொல்ல வேண்டும். பரீட்சையில் பேச்சுக்கும் நல்ல புள்ளி வாங்கியவள்தான். அந்த நேரம் பார்த்து வாய்க்குள் ஒரு சொல்கூட இல்லை.

"வெளியில் இருக்கிற பலகையை வாசித்தாயா?"

"வாசித்தேன். மார்த்தாவைப் பற்றியும் வாசித்தேன்."

"வாசித்துமா?" என்று கேட்ட ரன்ஹில்டின் பார்வை அப்போதுதான் மூலைக்குப் போனது. கைவிளக்கை அடித்தாள். வெள்ளைப் பலகையில் கை அகலத்துக்கு மஞ்சள் பூத்திருந்தது. அடுத்த மூலை, அதற்கடுத்த மூலை, வாசற்படி. "இது என்ன? என்ன இரசாயனம் பாவித்தாய்?"

ரன்ஹில்ட் ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்துக்கொண்டு வெளியே போய் யாருக்கோ தொலைபேசி எடுத்தாள்.

நாலு மணிக்கு டெனிஸ் நிறுவன வாகனத்தோடு வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனான். குரோருட்டில் தரிப்பிடம் ஒன்றில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தான்.

"தம்பி, உங்களைக் கேட்டுத்தானே தேய்ச்சனான்?"

"ஓமக்கா. நான்தான் சொன்னனான்." அவன் அவளைப் பார்க்கவில்லை. "ரெண்டு பக்கத்திலை ஈமெயில் ஒண்டு வந்தது. ரெண்டாம் பக்கத்திலை எழுதிக் கிடக்கு, புகை வீட்டுச் சுவரைத் தொடவே வேண்டாம் எண்டு. நான் முதல் பக்கத்தோடை விட்டிட்டன்."

"அப்ப அதைச் சொல்லுங்கோவன். மனிசர் பிழை விடுறதுதானே."

"சொன்னால் என்ரை வேலை போச்சு. அடுத்த மாசம் எனக்குப் பகுதி மேலாளர் வேலை தாறதாக் கதைச்சு வைச்சிருக்கினம். நிலூஜாவுக்கு ஆறு மாசம். வீடு இப்பதான் வாங்கினது." நிலூஜா அவன் மனைவி. "என்னை நிப்பாட்டினால் உங்களுக்கு நிரந்தரக் கடிதம் ஆர் எழுதித் தருவினம், சொல்லுங்கோ? அந்தக் கந்தோரிலை உங்களை ஆருக்குத் தெரியும்?"

அது உண்மைதான்.

"அதென்ன அக்கா மூலையிலை மஞ்சள்? அந்த மனிசி இரசாயனம் எண்டு நிக்குது."

சுஜானி சொன்னாள். டெனிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ அக்கா! மரத்துக்கு மஞ்சள் தண்ணியோ! அது ஆரும் சொல்லிச் செய்ததில்லை, அது உங்கடை சொந்தப் பிழை. அதை வாயே திறந்து சொல்லிப்போடாதையுங்கோ. பேய் ஓட்டினவள் எண்டு நினைப்பினம்."

அவளுக்குக் கூனிக் குறுகிப் போயிற்று. சுவர் விஷயத்தில் நிமிர்ந்து நிற்கலாம் என்று இருந்த கொஞ்ச நஞ்சத் தைரியமும் அந்த மஞ்சளில் கரைந்து போனது.

"திங்கக்கிழமை மீட்டிங். நான்தான் உங்களுக்கு மொழிபெயர்க்கப் போறன்," என்றான் டெனிஸ். குரலைத் தணித்துக்கொண்டான். "நீங்கள் ஒண்டே ஒண்டு சொன்னால் போதும். நோர்வேஜியன் வடிவா விளங்கேல்லை எண்டு. விளங்காமல் நடந்தது எண்டால் அது ஒருத்தற்றை பிழையும் இல்லை. ரெண்டு நாளிலை மறந்திடுவினம். ஜூன் முடிய உங்கடை கடிதத்தை நான் எடுத்துத் தாறன். சத்தியமா."

"எனக்கு விளங்குமே தம்பி. நான் சோதினை பாஸ்."

"எனக்குத் தெரியும். அவைக்குத் தெரியாது."

வீட்டில் மகேந்திரராசா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே இருந்தார். இருபத்திரண்டு வருடம் ஹோட்டல் சமையலறைகளில் பாத்திரம் கழுவி முதுகு போய், இப்போது வீட்டோடு இருக்கிறவர். கழுவுகிற தொட்டிக்கு முன்னால் நின்றவருக்கு மொழி படிக்க எங்கே நேரம்? அந்த வீட்டுக்கு வருகிற கடிதமெல்லாம் வாசித்துச் சொல்வது சுஜானிதான்.

"பெரியாக்களோடை கொழுவிப் போட்டு நாங்கள் எங்கை போறது?" என்றார் கடைசியில். "டெனிஸ் எங்கடை பெடியன். சொன்னால் செய்வான். நீர் பேசாமல் இரும்."

சனிக்கிழமை சாருகா வீடியோவில் கூப்பிட்டாள். திரையில் முகத்தைவிடக் கடவுச்சீட்டுத்தான் பெரிதாகத் தெரிந்தது. "அம்மா, புதுப்பிச்சாச்சு! படம் வடிவில்லை. சித்தி சிரிக்கிறா. உங்கடை வேலைக் கடிதம் வந்திட்டுதோ?"

"வருமம்மா. வாற மாசம் முடிய."

"எத்தினை நாள் முந்திக் குடுக்கோணும்? நான் இஞ்சை நாள் எண்ணிக்கொண்டு இருக்கிறன்."

"நானும்தான்" என்றாள் சுஜானி.

கூட்டம் நிறுவனத்தின் கந்தோரில் நடந்தது. நீள மேசை, கண்ணாடிச் சுவர், நடுவில் ஒரு தட்டில் திராட்சை. ரன்ஹில்ட் ஒரு பக்கம், நிறுவனத்தின் ஆள்விவகாரப் பொறுப்பாளர் ஒரு பக்கம். அவள் பெயர் அன்னெ, இளம்பெண், முன்னால் கணினி. சுஜானிக்குப் பக்கத்தில் சவரம் செய்த கன்னத்தோடு டெனிஸ். மஞ்சள் கறை வெயில் பட்டு அரைவாசி போய்விட்டது, பெரிய சேதம் இல்லை என்று ரன்ஹில்ட் முதலிலேயே சொன்னாள். அதைக் கேட்டதும் சுஜானி ஒரு மூச்சு விட்டாள். விட்ட பிறகுதான், அது தனக்கு விளங்கியது வெளியே தெரிந்திருக்குமோ என்று பயந்து மேசையைப் பார்த்தாள்.

"அறிவுறுத்தல் எழுத்தில் கொடுத்தோம்," என்றாள் ரன்ஹில்ட். "சுவரைத் தொட வேண்டாம் என்று தெளிவாக இருந்தது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். சுவரைக் கழுவும்படி அவளிடம் யாராவது சொன்னார்களா?"

ஒவ்வொரு சொல்லும் கண்ணாடிபோல விளங்கியது. டெனிஸ் அவள் பக்கம் திரும்பினான். அவன் மேலுதட்டில் வியர்வை.

"அக்கா, சொன்னது விளங்கினதோ எண்டு கேக்கினம்."

அவள் அவனையே பார்த்தாள். சொன்னவர் இவர்தான் என்று ஒரு வசனம், நோர்வேஜிய மொழியில் நாலே சொல். நாலும் நாக்கு நுனியில் வந்து நின்றன. சொன்னால் இவன் போவான். பிறகு? இந்த மேசையைச் சுற்றியுள்ள மற்ற இரண்டு பேரில் யார் சாருகாவுக்காக ஒரு கடிதம் அடித்துக் கையெழுத்து வைப்பார்கள்?

"விளங்கேல்லை," என்றாள் தமிழில்.

"அவருக்கு நோர்வேஜிய மொழி விளங்குவது குறைவு," என்றான் டெனிஸ். "ஏதோ மாறி விளங்கியிருக்கிறார்."

ரன்ஹில்ட் முன்னால் சாய்ந்தாள். "ஆனால் நீ அங்கே என்னோடு பேசினாயே. பலகையை வாசித்தேன் என்றாய். மார்த்தாவைப் பற்றிச் சொன்னாய்." டெனிசை விட்டுவிட்டு நேராக அவளைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகக் கேட்டாள். "நான் இப்போது சொல்வது உனக்கு விளங்குகிறதா?"

அந்த மனுஷியின் கண்ணில் குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. ஒரு வழியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறவளின் பார்வை. சுஜானிக்கு அழுகை முட்டியது. இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடத்தில், கடையிலும் பேருந்திலும் எதுவும் விளங்காமல் நின்றபோது சிரித்த சிரிப்பொன்று உண்டு. எப்போதோ கைவிட்ட அந்தச் சிரிப்பைத் தேடி எடுத்துச் சிரித்தாள். தலையை இல்லை என்று ஆட்டினாள்.

"சில வசனங்களை அப்படியே பாடமாக்கி வைத்திருப்பார்கள்," என்றான் டெனிஸ். "பலரும் அப்படித்தான்."

அன்னெ கணினியில் தட்டினாள். பத்து நிமிடத்தில் அச்சுப்பொறி ஒரு தாளைத் தள்ளியது. கையெழுத்து வைக்கச் சொல்லிப் பேனையும் தாளும் அவள் பக்கம் வந்தன. மூன்றாவது வரியில் அவளைப் பற்றி இருந்தது. நோர்வேஜிய மொழியில் கொடுக்கப்படும் அறிவுறுத்தல்கள் தனக்கு விளங்குவதில்லை எனப் பணியாளர் ஒப்புக்கொள்கிறார்.

பேனை நின்றது.

"சும்மா ஒரு ஃபோர்ம் அக்கா," என்றான் டெனிஸ் தாழ்ந்த குரலில். "வையுங்கோ."

வைத்தாள். ரன்ஹில்ட் தன் கோப்பைக் கட்டிக்கொண்டு, யாருக்கும் கை கொடுக்காமல் எழுந்து போனாள்.

அதன் பிறகு அவளைப் பெக்கருட்டுக்கு அனுப்பவில்லை. மோர்டென்ஸ்ருட்டில் ஒரு பாலர் பள்ளியைத் துடைத்தாள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தாள். திறந்து பார்க்காமல் மகேந்திரராசாவும் இருக்கவில்லை. அவர் பகலில் மூன்று தரம் இறங்கிப் போவார். டெனிசுக்கு எடுத்தால் "வேலையிலை நிக்கிறன் அக்கா, எல்லாம் போய்க்கொண்டிருக்கு" என்பான். ஜூன் இரண்டாம் கிழமையிலிருந்து அதுவும் இல்லை. மணி அடித்து ஓயும். அவள் விண்ணப்பத்தின் மற்றப் பகுதிகளையெல்லாம் நிரப்பி வைத்தாள். பிறப்புச் சான்றிதழ், தகப்பன் காணாமல்போனதற்கான பதிவு, வீட்டு ஒப்பந்தம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. வேலைக் கடிதத்துக்கு என்று ஓர் உறை காலியாக இருந்தது.

இருபத்தைந்தாம் தேதி வந்தது கடிதம். மகேந்திரராசா அதை உடைக்காமல், மேசையில் நடுவாக வைத்துவிட்டு, அவள் வரும்வரை எதிரே கதிரையில் காத்திருந்தார். அவள் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. கத்தியால் உறையைக் கிழித்தாள்.

ஒரு முறை கண்ணால் ஓடினாள். பிறகு கதிரையில் உட்கார்ந்தாள்.

"என்ன எழுதிக் கிடக்கு?"

அவள் தாளை மறுபடியும் முதல் வரியிலிருந்து பார்த்தாள்.

"வாசியுமன். எனக்கும் சொல்லும்."

சுஜானி வாசித்தாள். ஒரு வரி நோர்வேஜிய மொழியில், ஒரு வரி தமிழில். இந்த ஆறு வருடமாக மின்சாரக் கட்டணம், வைத்தியசாலை, வரித் திணைக்களம் என்று எல்லாக் கடிதத்தையும் அவருக்கு வாசித்துச் சொன்ன அதே ஒழுங்கில் வாசித்தாள்.

"உங்கடை துப்புரவு வேலையிலை எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நேரம் தவறினதில்லை. ஆனால் உங்களுக்கு நோர்வேஜிய மொழி விளங்காதபடியால், பாதுகாப்பான முறையிலை உங்களிட்டை வேலை தர முடியாமல் இருக்கு. இதை நீங்களே கூட்டத்திலை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைச்சிருக்கிறியள். அதாலை தகுதிகாண் காலத்துக்கு மேலை உங்கடை வேலையை நீடிக்கிறதில்லை எண்டு முடிவு செய்திருக்கிறம்."

"நீடிக்கிறதில்லை எண்டால்?"

"நிப்பாட்டிப் போட்டினம்."

மகேந்திரராசா எழுந்து ஜன்னல்வரை போய் மறுபடி வந்து உட்கார்ந்தார். "நீர் வடிவாப் பாத்தனீரோ? சொல்லு ஏதும் மாறி விளங்கியிருக்கும். ஆரிட்டையும் ஒருக்காக் காட்டிப் பாப்பமே?"

"எல்லாம் விளங்குது," என்றாள் அவள். "ஒரு சொல்லும் தேடத் தேவையில்லை."

மேசையில் அவளுடைய கைபேசி மின்னியது. கிளிநொச்சியிலிருந்து சாருகா. இருவரும் அதைப் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை. அது மின்னி மின்னி அணைந்தது.

"கீழை இன்னும் ரெண்டு வரி கிடக்கே," என்றார் மகேந்திரராசா. "அது என்ன?"

சுஜானி தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி அந்த இரண்டு வரியையும் வாசித்துச் சொன்னாள்.

"இந்தக் கடிதம் உங்களுக்கு விளங்காட்டில் யோசிக்க வேண்டாம். உங்கடை மொழியிலை விளங்கப்படுத்தித் தர எங்கடை புதுப் பகுதி மேலாளர் இருக்கிறார், அவருக்கு எடுங்கோ."

அதற்குக் கீழே டெனிசின் பெயரும், இரண்டு கிழமையாக மணி அடித்து ஓய்கிற அந்த எண்ணும் இருந்தன.